செப்புத் திருமேனியில் தங்கம் தேடுகிறவருக்கு

சோழர் காலத் திருமேனிகளின் உலோகத்தை ஆய்வகத்தில் சோதிப்பது வீண்வேலை, பாவம், அதற்கும் மேலே ஒரு சதி என்று சென்ற இதழில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவர் வாதத்தின் சாரம் இவ்வளவுதான்: ஐம்பொன் என்றால் ஐந்து உலோகமும் சம பங்கு. அதில் தங்கமும் வெள்ளியும் தாராளமாக உண்டு. தங்கம் இல்லை என்று அறிக்கை கொடுப்பவர்கள் மேல்நாட்டு மியூசியங்களின் ஆட்கள். ஸ்தபதியின் கண்ணுக்குத் தெரியாத எதுவும் கருவிக்குத் தெரிந்துவிடாது. அதனால் சாமியை யாரும் தொடவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

இதில் ஒரு வாக்கியம்கூட நிற்காது. வெறும் அறியாமையாக இருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இந்த மாதிரிப் பேச்சை நம்பித்தான் நம் கோயில்கள் திருமேனிகளைப் பறிகொடுத்திருக்கின்றன. பக்தர்கள் கழற்றிக் கொடுத்த நகைக்குக் கணக்கு இல்லாமல் போனதும் இதனால்தான். ஆகவே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சம பங்கு. நூறு கிலோ எடையுள்ள நடராஜர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து உலோகமும் சமம் என்றால் அதில் இருபது கிலோ தங்கம் இருக்க வேண்டும், இருபது கிலோ வெள்ளி இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. கட்டுரையாளர் ஒருமுறை பெருக்கிப் பார்த்திருக்கலாம். அந்தக் கல்வெட்டுகளைத்தான் படித்திருக்கலாம். ராஜராஜனும் குந்தவையும் கொடுத்த பொன் எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கடைசித் துளி வரை கணக்கு. நகையில் கோத்த முத்து எத்தனை, உள்ளே அடைத்த அரக்கு உட்பட எடை எவ்வளவு என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொன்னால் செய்த திருமேனி தனியாக, பொன் என்றே வருகிறது. செப்புத் திருமேனிகள் வரும் இடத்தில் உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா என்ற விவரங்கள் இருக்கின்றன. செம்புக்குள் இத்தனை கழஞ்சு பொன் உருக்கிச் சேர்த்தோம் என்ற பேச்சு அங்கே இல்லை. ஒரு குன்றிமணி எடைப் பொன்னுக்குக் கணக்கு வைத்த அரசு, இருபது கிலோ தங்கத்தைச் செம்புக்குள் கொட்டிவிட்டு எழுத மறந்துவிட்டது என்று நம்பச் சொல்கிறார் இவர்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை எந்த வார்ப்புக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். வார்த்த வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தாண்டினால் உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். உளி வைத்து நகைவேலை செதுக்க முடியாது, தட்டினால் தெறிக்கும். சம பங்கு என்றால் வெள்ளீயமே ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கின்படி செய்த நடராஜருக்குத் தூக்கிய திருவடியே தங்காது.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெங்களூர் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா சீனிவாசன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1990களில் தன் முனைவர் பட்டத்துக்காக, தென்னிந்தியத் திருமேனிகள் 130-இல் இருந்து கடுகளவு மாதிரி எடுத்து ஆராய்ந்தார். சென்னை அரசு அருங்காட்சியகம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம் ஆகியவற்றில் உள்ளவை அவை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஈயம் கலந்த வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும் காரீயமும். மீதி ஈயம் கலந்த பித்தளை. வெள்ளீயம் எதிலும் அந்த 15 சதவீத எல்லையைத் தாண்டவில்லை. தங்கமும் வெள்ளியும் சுவடாக மட்டுமே இருந்தன. செம்பைச் சுத்திகரிக்க இன்றைய முறைகள் இல்லாத காலத்தில், தாதுவோடு வந்து தங்கிவிடும் அளவு அது.

இதைத்தான் மேல்நாட்டுச் சதி என்கிறார். திருமேனிகளை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது எழும்பூர். 1930களில் எழும்பூரிலுள்ள சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் எஸ். பரமசிவன் என்ற தமிழர், பச்சைப் பொடி பூத்து அரித்துக்கொண்டிருந்த வெண்கலங்களை மின்பகுப்பு முறையில் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மண்ணுக்கடியில் கிடந்த சிலைக்குள் உப்பின் குளோரைடு இறங்கிவிட்டால், வெளியே எடுத்துக் காற்றுப்பட்ட பிறகும் அது விடாமல் செம்பைத் தின்னும். உலோகம் என்ன, அதற்குள் என்ன புகுந்திருக்கிறது என்று தெரியாமல் அதை நிறுத்த முடியாது. இன்று எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்து நாம் கைகூப்பும் திருமுகங்களில் சில, அந்தச் சோதனைகளால் பிழைத்தவை. பின்னாளில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் பல்தேவ் ராஜ் தலைமையில் அதே அருங்காட்சியகத்தின் சிலைகளை ஒரு கீறலும் விழாமல் கதிர்ப்படம் எடுத்து, உலோகக் கட்டமைப்பைப் பதிவு செய்தார்கள். யாருடைய சதி இது? எழும்பூருடையதா, கல்பாக்கத்துடையதா?

கட்டுரையின் பிற்பாதியில் அவரே பின்வாங்குகிறார். சம பங்கு இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது தங்கம் இருக்கும், கருவிதான் அதைப் பிடிக்கவில்லை என்கிறார். எண்பது கிலோ திருமேனியில் ஒரே ஒரு பவுன், எட்டு கிராம் சேர்த்தால், அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பிளாஸ்மா முறையில் செய்யும் ஆய்வுக்கு அது கண்ணுக்கு நேரே நிற்கும் அளவு. அதைவிடப் பல மடங்கு குறைந்ததையும் அது எண்ணிவிடும். அடுத்து, ஆயிரம் வருட அபிஷேகத்தில் தங்கம் கரைந்துபோயிருக்கும் என்கிறார். பாலும் தயிரும் இளநீரும் செம்பைக் கறுக்க வைக்கும், பச்சை பூக்க வைக்கும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. செம்பு அரிபட அரிபட, மேல்பரப்பில் தங்கத்தின் பங்கு கூடத்தான் செய்யும். கடைசியாக, வார்க்கும்போது தங்கம் கனத்தால் அடியில் போய்ப் படிந்துவிடும் என்கிறார். உருகிய செம்பில் தங்கம் எந்த அளவிலும் முழுவதுமாகக் கலந்துவிடும், பிரிந்து நிற்காது. செம்போடு கலக்காமல் துளித்துளியாகத் தனித்து நிற்பது ஈயம். எந்த உலோகம் கலக்கும், எது கலக்காது என்பதையே தலைகீழாக எழுதிவிட்டு, ஆய்வாளர்களுக்கு உலோகம் தெரியாது என்று குற்றம் சாட்டுகிறார்.

தங்கம் உண்டு என்ற நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. சுவாமிமலையில் ஒரு கோயிலுக்கு உற்சவர் வார்க்கும் நாளில் பட்டறைக்குப் போனால் தெரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த படிமத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசிப் பூசிக் கருக்கட்டி, வறட்டித் தணலில் சுட்டு மெழுகை வடித்து, கருவைக் குழிக்குள் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். உலையில் செம்பும் பித்தளையும் ஈயமும் உருகிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். ஸ்தபதி கண்ணைக் காட்டியதும் ஒருவர் மோதிரத்தைப் போடுவார், ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மூக்குத்தியை அவிழ்த்துப் போடுவார். மூசைக்குள் ஒரு கணம் மஞ்சளாகத் தெரிந்து மறையும். அது காணிக்கை, அந்தப் பாட்டிக்கும் சாமிக்கும் இடையிலானது, என்னால் அதைப் பார்த்துக் கண் கலங்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த மூக்குத்தியைக் காட்டி, பத்தாம் நூற்றாண்டுத் திருமேனியில் கிலோக் கணக்கில் தங்கம் உண்டு என்று வாதாடுவது அந்தக் காணிக்கையையும் பழிப்பது. எடையைப் பார்த்து அந்தப் பாட்டி கொடுக்கவில்லை.

கட்டுரையாளருக்குத் தங்கம் இல்லை என்றால் திருமேனியின் மதிப்பு போய்விடுகிறது. எனக்கு இதுதான் அதிக ஆத்திரத்தைத் தருகிறது. ஆய்வறிக்கையில் செம்பு, வெள்ளீயம், காரீயம் என்று வரும் மூன்று எண்களைப் பார்த்தால் அந்தக் கன்னார்களின் கை தெரிகிறது. ஈயம் சேர்த்தால் உலோகம் தண்ணீராக ஓடும். திருவாசியின் சுடர் நுனிவரை, விரிசடையின் ஒவ்வொரு புரிவரை, அபய விரலின் நகம்வரை போய் நிறையும். அளவு மீறினால் வார்ப்பு பலவீனப்படும். வெள்ளீயம் உறுதியும் நிறமும் தரும். மீறினால் உளி ஏறாது. அந்த எல்லைகளுக்குள் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறார்கள். வெள்ளீயத்தைக் கூட்டத் தெரியாதவர்களும் அல்லர் தென்னாட்டார். கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியில் வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கு. அது நொறுங்கும் உலோகம்தான், ஆனால் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு ஏறும். கண்ணாடிக்கு ஒரு கலவை, திருமேனிக்கு இன்னொரு கலவை. இந்தத் தேர்வு பெரும்பாலும் கை வழியாக வந்த அறிவு. அதை நமக்கு எழுத்தில் கொடுத்தது ஆய்வகம். ஸ்தபதிகளின் பெயரால் பேசுவதாகச் சொல்கிறவர், ஸ்தபதிகளின் பெருமைக்கு இருக்கும் ஒரே அளவிடத்தக்க சான்றைக் கிழித்துப் போடச் சொல்கிறார்.

கருவிக்குத் தெரிந்து கண்ணுக்குத் தெரியாதது எது என்று கேட்டார். ஈயத்தின் ஐசோடோப்புகள். ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்திலும் 204, 206, 207, 208 என்ற நான்கு வகை அணுக்களின் விகிதம் ஒவ்வொரு மாதிரி. உருக்கினாலும் வார்த்தாலும் ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்தாலும் அந்த விகிதம் மாறாது. அது உலோகத்தின் கைரேகை. சாரதா சீனிவாசன் அறுபது திருமேனிகளில் இதை அளந்து, நுண்தனிமங்களோடு சேர்த்து, பல்லவர் காலத்தவை ஒரு கூட்டமாகவும் சோழர் காலத்தவை வேறு கூட்டமாகவும் பிரிவதைக் காட்டினார். நடராஜர் செப்புத் திருமேனி சோழ அரசி செம்பியன் மாதேவி காலத்தில், பத்தாம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லிவந்தார்கள். ஆனால் குன்னியூர் நடராஜரும் பிரிட்டிஷ் மியூசியத்து நடராஜர் ஒன்றும் பல்லவக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தன. 2004-இல் அவர் எழுதிய கட்டுரை, ஆடவல்லான் செம்பில் ஆடத் தொடங்கிய காலத்தை ஒன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளியது. இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். பழைய உலோகத்தைத் திரும்ப உருக்கி வார்த்திருந்தால் கைரேகைகள் கலந்துவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது, அதை ஆய்வாளர்களே முதலில் சொல்வார்கள். சான்றோடு ஆட்சேபிக்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அளக்கவே கூடாது என்கிறவரோடுதான்.

தமிழ்நாட்டில் சொல்லும்படியான செம்புச் சுரங்கம் சோழர்களுக்குக் கிடையாது. அவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? கலை வரலாற்றாசிரியர் வித்யா தெஹேஜியா 2021-இல் வெளிவந்த தன் நூலில் இலங்கையின் சேருவிலப் பகுதியை நோக்கிக் கைகாட்டுகிறார். சோழர் ஈழத்தை ஆண்ட காலத்தோடு வைத்துப் பார்க்கும்போது இது எத்தனை பெரிய கேள்வி! இதற்கு விடை சொல்லப்போவதும் உலோகம்தான். கல்வெட்டில் இல்லாத ஒரு கடல் வாணிகம் நம் உற்சவர்களின் உடம்புக்குள் எழுதப்பட்டிருக்கலாம்.

இனி திருட்டுக்கு வருகிறேன். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

சிவபுரம், கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். 1951-இல் நிலத்தடியில் நடராஜர் உள்ளிட்ட திருமேனிகள் கிடைத்தன. கோயிலுக்கு வந்த பிறகு, 1954-இல் செப்பனிடக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். மூலம் கைமாறிக் கைமாறி வெளிநாடு போய், 1973-இல் நார்ட்டன் சைமன் அறக்கட்டளைக்கு 9 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. நகல் கோயிலில் நின்றது. அதற்கு யாருக்கும் ஐயமில்லாமல் பூசை நடந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965-இல் வெளிவந்த தன் நூலில் மூலம் தனியாரிடம் இருப்பதை எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1986-இல்தான் சிவபுரத்தார் நாடு திரும்பினார். ஸ்தபதியின் கண் போதும் என்கிற ஐயா, அந்த நகலைச் செய்ததே தேர்ந்த ஒரு கைதான். தேர்ந்த கை செய்த நகலை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? செப்பனிடக் கொடுக்கும் முன் உலோகக் கலவையை ஒரு தாளில் பதிவு செய்திருந்தால், திரும்பி வந்ததும் மறுபடி அளந்து ஒப்பிட்டுப் பார்த்து இது அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். புதிதாக உருக்கிய ஈயத்தில் கதிரியக்க ஈயம்-210 மிச்சமிருக்கும். அது 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், நூறு வருடத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. பழைய ஈயத்தையே தேடி எடுத்து வார்த்த நகல் இந்தச் சோதனையில் தப்பலாம். அந்த நகலும் ஐசோடோப்பு விகிதத்தில் மாட்டக்கூடும். பித்தளையில் துத்தநாகம் முப்பது சதவீதத்தைத் தாண்டினால் அது பழைய முறையில் செய்த பித்தளையாக இருக்க வாய்ப்பில்லை என்பது இன்னொரு சோதனை.

பத்தூர் நடராஜர் திரும்பி வந்தது எப்படி? 1976-இல் கூலித் தொழிலாளி ஒருவர் கோயில் வளாகத்தில் தோண்டும்போது கிடைத்தது. கடத்தப்பட்டு லண்டனுக்குப் போய், 1982-இல் கனடாவின் பம்ப்பர் நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. லண்டன் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் வாதம், இது பத்தூர்ச் சிலையே இல்லை என்பது. நம் பக்கம் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். பாணியை மட்டும் பேசி வழக்கு முடியவில்லை. சிலையில் ஒட்டியிருந்த மண், அதன்மேல் ஓடியிருந்த கரையான் தடங்கள், உலோகம் எல்லாம் நிபுணர்களால் அலசப்பட்டு, பத்தூரில் அதோடு புதைந்திருந்த மற்ற திருமேனிகளோடு ஒப்பிடப்பட்டன. 1988-இல் தீர்ப்பு, 1991-இல் மேல்முறையீட்டிலும் வெற்றி, அதே ஆண்டு நடராஜர் தமிழ்நாட்டுக்கு வந்தார். தன் விளக்கை ஏற்றக்கூட ஆள் இல்லாமல் இடிந்து கிடந்த ஒரு கோயில், சட்டத்தின் முன் தானே வழக்காடியாக நின்று வென்றது. மண்ணையும் உலோகத்தையும் தொடக்கூடாது என்று அன்று யாராவது தடுத்திருந்தால், பத்தூரார் இன்று கனடாவின் கால்கரியில் ஒரு வரவேற்பறையில் நின்றிருப்பார்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் உதவின. புகைப்படம் இருந்ததால் பிழைத்தார். புகைப்படம் இல்லாத ஊர்கள் எத்தனை? புகைப்படம் இருந்தும், அதைப் பார்த்தே அச்சாக வார்த்த நகல் நிற்கும் ஊர்கள் எத்தனை?

தீட்டு என்ற வாதத்துக்கும் ஆகமத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. திருப்பணிக்கு முன் கலாகர்ஷணம் செய்து சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் கண்டு, திருமேனியைச் செப்பனிட்டு, மறுபடி ஆவாகனம் செய்யும் முறை நம்மிடம் தொன்றுதொட்டு இருக்கிறது. உடைந்த விரலைப் பற்றவைக்க உலையருகே கொண்டுபோக அனுமதிக்கும் ஆகமம், பீடத்தின் அடிப்புறத்தில் நூலளவு துளைக்கு வழி சொல்லாதா? பெரும்பாலும் அதுகூடத் தேவைப்படாது. கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவியைச் சிலைக்கு நேரே சில விநாடி காட்டினால் மேல்பரப்பின் கலவை வந்துவிடும். முலாமும் அழுக்கும் அதைத் திசைதிருப்பக் கூடும் என்பதால், ஐயம் வரும் இடத்தில் மட்டும் மாதிரி எடுப்பார்கள். கோயிலில் எண்ணெய் பிசுக்கு போக இரும்பு நார் வைத்துத் தேய்க்கிறார்களே, கண் திறந்த ரேகையே மழுங்கிப்போகும் அளவுக்கு, அதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரி எழுதவில்லை.

உலோகங்கள் அதிர்வலை பரப்பி நோய் தீர்க்கின்றன என்ற பகுதிக்கு அவர் ஓர் அளவீட்டைக்கூடத் தரவில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

கோயில் கோபுரக் கலசங்களில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று ஒரு புரளி கிளம்பி, தமிழ்நாட்டில் எத்தனை கோபுரங்களில் ஏறிக் கலசத்தை அறுத்துக்கொண்டு போனார்கள் என்பதைப் பத்திரிகை படிக்கும் எல்லோரும் அறிவார்கள். அந்தக் கலசங்கள் செம்பு, உள்ளே வரகு. ஒரு பொய்யான உலோகக் கதைக்குக் கோபுரங்கள் மொட்டையாயின. இப்போது இவர், நாட்டிலுள்ள ஒவ்வொரு உற்சவரிலும் கிலோக் கணக்கில் தங்கம் இருக்கிறது என்று அச்சில் அறிவிக்கிறார். பூட்டு சரியில்லாத, காவலர் இல்லாத, ஒரு வேளை பூசைக்கே குருக்கள் சைக்கிளில் வந்துபோகும் ஆயிரக்கணக்கான கோயில்கள் இருக்கும் ஊரில் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை! புதிதாக வார்த்த உற்சவர்களில் பக்தர்கள் கொடுத்த தங்கம் சேரவில்லை என்ற புகார்கள் சமீப ஆண்டுகளில் வழக்குகளாகியிருக்கின்றன. அவற்றில் உண்மை எந்தப் பக்கம் என்று சொல்ல வல்லது சோதனைதான். கொடுத்தவருக்கும் அது காப்பு, நேர்மையாக வார்த்த ஸ்தபதிக்கும் அது காப்பு. சோதனையே கூடாது என்றால் யாருக்குக் காப்பு என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

அறநிலையத்துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, எடையோடு உலோகக் கலவையும் ஈய விகிதமும் பதிவாக வேண்டும். அறநிலையத்துறை, எழும்பூர், கல்பாக்கம் மூவரும் சேர்ந்தால் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஸ்தபதிகளையும் கூட வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், ஏனென்றால் பீடத்தில் எங்கே ஒட்டு, எங்கே பின்னாள் வார்ப்பு என்று அவர்கள் கை சொல்லும்.

கட்டுரையாளர் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதினால், சோழர் காலத்துத் திருமேனி ஒன்றின் பெயர், அது இருக்கும் இடம், சோதித்த ஆய்வகம், அதில் கண்ட தங்கத்தின் சதவீதம் ஆகிய நான்கையும் முதல் பத்தியிலேயே தரட்டும். மற்றதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.